வீட்டின் கடைசி அறைவரை வைஃபை எட்ட: புதுச்சேரி, கடலூர் வீடுகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் வீடுகளுக்கு லேன் வயர் இழுப்பதும் வைஃபை சரிசெய்து தருவதும் என் வேலை. கேட்பவர்களில் பெரும்பாலானோர் ஏற்கனவே ஒரு ரவுட்டர் பெட்டியை வாங்கிவிட்டு, அதுவும் எட்டவில்லை என்று தெரிந்த பிறகுதான் கேட்கிறார்கள். வாங்கும் முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பணம் மிச்சமாகியிருக்கும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

நெட் ரொம்ப ஸ்லோ. புது ரவுட்டர் வாங்கினால் சரியாகிவிடுமா?

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். வேகம் இரண்டு இடங்களில் குறையலாம். வெளியிலிருந்து உங்கள் வீட்டுப் பெட்டிவரை வரும் வழியில் குறையலாம், அல்லது அந்தப் பெட்டியிலிருந்து கையில் இருக்கும் போன்வரை வரும் வழியில் குறையலாம். புது ரவுட்டர் இரண்டாவதை மட்டும்தான் சரிசெய்யும்.

ஒரு லேப்டாப்பை லேன் வயரால் நேராகப் பெட்டியில் செருகி, வைஃபையை அணைத்துவிட்டு வேகத்தை அளந்து பாருங்கள். பிறகு வயரைக் கழற்றிவிட்டு, பெட்டியிலிருந்து நாலடி தள்ளி நின்று வைஃபையில் அளக்க வேண்டும். அப்புறம் பிரச்சினை உள்ள அறையில். மூன்று எண்களையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வயரிலேயே குறைவாக வந்தால் நெட் இணைப்பு தந்த கேபிள்காரரைக் கூப்பிடுவதுதான் வழி. வயரில் முழு வேகம் வந்து, பெட்டிக்குப் பக்கத்திலேயே வைஃபை குறைந்தால் பெட்டி பழையது, அல்லது போன் வேகம் குறைந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் நன்றாக வந்து அறையில் மட்டும் குறைந்தால் அது தூரமும் சுவரும் செய்யும் வேலை. எனக்கு வரும் அழைப்புகளில் அதிகம் இந்த மூன்றாவது வகைதான்.

லேப்டாப்பில் லேன் ஓட்டையே இல்லை என்றால் யூஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். ஜிகாபிட் என்று எழுதியதாக இருக்கட்டும்.

இன்னொன்று. பிளான் வேகம் எம்பிபிஎஸ் கணக்கில் சொல்லப்படும், கோப்பு இறங்கும்போது திரையில் பெரும்பாலும் எம்பி கணக்கில் காட்டும். பிளான் எண்ணை எட்டால் வகுக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் பிளானில் நொடிக்கு 12 எம்பி இறங்கினால் அது முழு வேகம்தான்.

இரவு எட்டு மணிக்கு மேல் மட்டும் திணறுகிறது. ஏன்?

இரண்டு காரணங்கள் இருக்கலாம், இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிது. ஜிபான் வகை ஃபைபர் லைனில் சுமார் 2.5 ஜிபிபிஎஸ் (2,500 எம்பிபிஎஸ்) அளவை ஒரு பகுதியில் உள்ள பல வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு லைனை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிப்பது வழக்கம். எல்லோரும் ஒரே நேரத்தில் படம் பார்த்தால் நெருக்கடி வரலாம். அதைவிட, கேபிள்காரர் தனக்கு மேலே உள்ள நிறுவனத்திடமிருந்து வாங்கும் லைனைக் குறைவாக வாங்கி வைத்திருப்பதுதான் அதிகம் நடப்பது.

இரண்டாவது காரணம் பக்கத்து வீடுகளின் வைஃபை. அவர்களும் அந்த நேரத்தில்தான் வீட்டில் இருப்பார்கள். இரவு ஒன்பது மணிக்கு அதே லேன் வயர் சோதனையைச் செய்யுங்கள். வயரிலும் குறைந்தால் லைன் பிரச்சினை. வயரில் சரியாக இருந்தால் அலை நெரிசல், அதை நீங்களே சரிசெய்யலாம்.

எங்கள் வீட்டுக்கு எவ்வளவு வேகம் போதும்?

4கே படம் ஓட 15 முதல் 25 எம்பிபிஎஸ் போதும். வீடியோ கால், ஆன்லைன் வகுப்பு எல்லாம் 4 எம்பிபிஎஸுக்குள் அடங்கும். நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் தாராளம். படுக்கை அறையில் 5 எம்பிபிஎஸ் வருகிறது என்பதற்காக 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறுபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். அந்த அறையில் அதற்குப் பிறகும் 5தான் வரும். மாதாமாதம் கட்டும் அந்தக் கூடுதல் பணத்தில் ஒரு முறை வயர் இழுத்துவிடலாம்.

2.4, 5 என்று இரண்டு பெயர் காட்டுகிறது. எதில் சேர வேண்டும்?

2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டிக் கொஞ்சம் அதிக தூரம் போகும், ஆனால் இடம் மிகக் குறைவு. ஒன்றோடொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம் மாதிரி வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும் இடத்தில் போனில் பார்த்தால் இருபது பெயர்கள் தெரியும். அத்தனையும் அந்த மூன்று சேனல்களுக்குள்தான் அடித்துக்கொள்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அதே அலைவரிசைதான்.

5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். இந்தியாவில் 2018 அக்டோபரில் இந்தப் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தார்கள். வேகமும் பல மடங்கு அதிகம். குறை என்னவென்றால், ஒரு கெட்டியான சுவரைத் தாண்டினாலே சோர்ந்துவிடும்.

அதனால் டிவி, லேப்டாப், போன் எல்லாம் 5இல் இருக்கட்டும். வைஃபை பல்பு, கேமரா, மோட்டார் சுவிட்ச் போன்றவை பெரும்பாலும் 2.4 மட்டுமே தெரிந்தவை, அவற்றை அங்கே விடுங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் போன் தானே தேர்ந்தெடுக்கும் என்பார்கள். நல்ல பெட்டியில் அது நடக்கும். கேபிள்காரர் தரும் சாதாரணப் பெட்டியில் போன் 2.4இலேயே தங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன், அங்கே தனித்தனிப் பெயர் வைப்பதே மேல். பெட்டியின் செட்டிங்கில் 2.4இன் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்து, 1, 6, 11 மூன்றில் எது காலியோ அதில் வையுங்கள். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்று இருந்தால் எது காலி என்று தெரிந்துவிடும்.

கேபிள்காரர் கொடுத்த பெட்டியே போதாதா?

சில சமயம் போதும். முதலில் அது 5 கிகாஹெர்ட்ஸ் தருகிறதா என்று பாருங்கள். 2.4 மட்டும் உள்ள ஓஎன்யூ பெட்டிகள் (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) இன்னும் நிறைய வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. 100 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டி, அந்தப் பெட்டியில் 30, 40 எம்பிபிஎஸோடு குடும்பம் நடத்துகிறார்கள். கேபிள்காரரிடம் இரட்டை அலைவரிசைப் பெட்டி வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் மாற்றித் தருபவர்கள் உண்டு.

அடுத்து, அது எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். ஃபைபர் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே, வாசல் நிலைக்கு மேலே ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போவதுதான் வழக்கம். அலையில் பாதி தெருவுக்குப் போகிறது. புது இணைப்பு எடுக்கும் நாளிலேயே "நடுக் கூடம்வரை ஃபைபரை இழுத்துக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டால் இந்தக் கேள்வி பதிலில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. பின்னால் மாற்றுவதாக இருந்தாலும் அவர்களையே கூப்பிடுங்கள். ஃபைபரை நீங்களே மடித்து ஆணியில் சுற்றினால் உள்ளே இருக்கும் கண்ணாடி இழை விரிசல் விடும், ஒளி கசியும்.

பெட்டியை வீட்டுக்குள் எங்கே வைப்பது?

வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, கண்ணுக்குத் தெரியும்படி. அழகுக்காக டிவிக்குப் பின்னாலும் ஷோகேஸுக்குள்ளும் லாஃப்டிலும் ஒளித்து வைப்பதுதான் நான் அதிகம் பார்ப்பது. இரும்பு பீரோவும் ஃபிரிட்ஜும் ஆளுயரக் கண்ணாடியும் அலையைத் திருப்பி அடிக்கும். தண்ணீர் அதை விழுங்கும், ஆகவே மீன் தொட்டிக்குப் பக்கம் வேண்டாம். பூஜை அறைச் சுவரில் கருங்கல் பதித்திருந்தால் அந்தத் திசையிலும் நம்பிக்கை வைக்க வேண்டாம்.

ஆண்டெனா விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் உண்டு. குச்சியின் நுனி காட்டும் பக்கம் அலை போகும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் குச்சியைச் சுற்றி மெதுவடை மாதிரித்தான் அலை பரவும், நுனியிலும் அடியிலும் ஓட்டை. ஒரே தளத்து வீடென்றால் எல்லாக் குச்சிகளையும் நட்டுக்க நிறுத்துங்கள். மேல் மாடிக்கும் எட்ட வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் படுக்க வையுங்கள்.

காசு செலவில்லாத இந்த ஒரு வேலையிலேயே தீர்ந்துபோன வீடுகள் உண்டு. அதனால்தான் எந்தக் கடைக்கும் போவதற்கு முன் இதைச் செய்யச் சொல்கிறேன்.

புதுச்சேரியில் பழைய வீடு. ஒன்றரை அடிச் சுவர். அடுத்த அறைக்கே வரவில்லை. என்ன செய்வது?

பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள பழைய வீடுகளுக்கு நான் தனியாகவே யோசிப்பேன். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த கனத்த சுவர், அதன்மேல் பழைய பூச்சு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை இதற்குள் ஒரு முறை நுழைந்து வருவதற்குள் பெரும் பகுதி தொலைந்துவிடும். இரண்டு சுவர் என்றால் மறந்துவிடலாம். எவ்வளவு விலையுள்ள ரவுட்டரானாலும் அந்தச் சுவரைத் துளைக்காது.

ஆனால் இந்த வீடுகளில் இரண்டு வசதிகள் இருக்கின்றன. ஒன்று முற்றம். திறந்த வெளியில் அலைக்குத் தடையே இல்லை. முற்றத்தைப் பார்த்த தாழ்வாரத்தில், தூணுக்கு மேலே மழைச் சாரல் படாத இடத்தில் பெட்டியை வைத்தால், அதைச் சுற்றியுள்ள அறைகளுக்கெல்லாம் கதவு, ஜன்னல் வழியாக அலை நுழையும். நடுக் கூடத்தைவிட முற்றத்து ஓரம் நல்ல இடமாக அமைவது இந்த வகை வீட்டில்தான்.

இன்னொன்று மெட்ராஸ் தளம். மரக் கட்டைகளின்மேல் செங்கல்லைக் குத்துவாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட அந்தக் கூரையில் கான்கிரீட் தளத்தில் இருப்பது போன்ற கம்பி வலை கிடையாது. பக்கத்து அறைக்குப் போகாத அலை நேர் மேலே உள்ள அறைக்குப் போவதைப் பார்க்கலாம். அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அதற்கும் எட்டாத பின்கட்டுக்கு வயர்தான் வழி. இங்கே ஒரு வேண்டுகோள்: சுண்ணாம்புப் பூச்சில் கண்ட இடத்தில் ட்ரில் போடாதீர்கள். பெரிய துண்டாகப் பெயர்ந்து வரும், பழையபடி பூசுவதற்கு ஆள் கிடைப்பதும் கஷ்டம். கூரைக் கட்டையின் ஓரமாகவே வயரைக் கொண்டுபோனால் கண்ணையும் உறுத்தாது, சுவரும் பிழைக்கும். கதவு நிலைக்கு மேலே பழைய கரண்ட் வயர் போன துளை இருந்தால் அது வரப்பிரசாதம், கரண்ட் வயர் இப்போது அதில் இல்லை என்று எலக்ட்ரீஷியனை வைத்து உறுதிசெய்துகொண்டு பயன்படுத்துங்கள்.

கடலூர், மஞ்சக்குப்பம். கீழே கடை, மேலே இரண்டு மாடி. மாடிக்கு மாடி எட்டவில்லை.

செம்மண்டலம், திருப்பாதிரிப்புலியூர் பக்கமும் இதே மாதிரிக் கட்டடங்கள்தான்: அகலம் குறைவு, நீளம் அதிகம், தளத்துக்குத் தளம் கான்கிரீட். தளத்துக்குள் இருக்கும் கம்பி அலைக்குப் பெரிய தடை. ஒரு தளத்தைத் தாண்டி 2.4 வரும், 5 தட்டுத்தடுமாறி வரும். இரண்டு தளம் தாண்டி எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

மாடிக்கு ஒரு பெட்டி, நடுவில் வயர். இதுதான் என் பதில், பல வருடமாக இதே பதில்தான். பெட்டி சாதாரணமாக இருந்தாலும் பரவாயில்லை. படிக்கட்டுச் சுவர் வழியாகவோ, வெளிச்சுவரில் தண்ணீர்க் குழாய் இறங்கும் ஓரமாகவோ வயர் போகலாம். வெளியே போவதானால் வெளிப்புறப் பயன்பாட்டுக்கான கறுப்பு உறை வயர் கேட்டு வாங்குங்கள். உள்ளுக்கான சாம்பல் நிற வயர் நம் வெயிலில் உறை வெடித்துவிடும், அடுத்த மழையில் தண்ணீர் இறங்கும்.

ரிப்பீட்டர் வாங்கலாமா? ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறதே.

அவசரத்துக்கு உதவும். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்து வாங்குங்கள். ஒரே அலைவரிசையில் ஒரு பக்கம் கேட்டு, மறுபக்கம் அதையே திரும்பச் சொல்கிறது. கேட்கும்போது சொல்ல முடியாது, ஆகவே வேகம் ஏறக்குறைய பாதியாகும். 2.4 மட்டும் உள்ள மலிவு ரிப்பீட்டரில் கடைசியில் மிஞ்சுவது மிகக் கொஞ்சம்.

எங்கே மாட்டுகிறீர்கள் என்பது அதைவிட முக்கியம். சிக்னல் வராத அறையிலேயே அதைச் செருகிவிட்டு, "நாலு கோடும் காட்டுகிறது, நெட் ஓடவில்லை" என்பார்கள். அந்த நாலு கோடும் ரிப்பீட்டருக்கும் போனுக்கும் இடையே உள்ளது. ரிப்பீட்டருக்கே சிக்னல் வராவிட்டால் அது எதைத் திரும்பச் சொல்லும்? பாதி வழியில், நல்ல சிக்னல் இன்னும் இருக்கும் இடத்தில் செருக வேண்டும். அனலைசர் ஆப்பில் சிக்னல் அளவு மைனஸ் 50 டிபிஎம் என்றால் அருமை, மைனஸ் 65வரை வீடியோ கால் தடையில்லாமல் போகும், மைனஸ் 75க்குக் கீழே சிரமம். ரிப்பீட்டர் வைக்கும் இடத்தில் மைனஸ் 60, 65க்குள் இருக்கட்டும்.

வாசல் கேமரா ஒன்றுக்கு, வாட்ஸ்அப் பார்ப்பதற்கு என்றால் ரிப்பீட்டர் போதும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மெஷ் என்கிறார்களே, அது என்ன? வாங்கத் தகுமா?

இரண்டு மூன்று பெட்டிகள் ஒரே பெயரில், ஒன்றையொன்று தெரிந்துகொண்டு வேலை செய்யும் ஏற்பாடு. கூடத்தில் பேச ஆரம்பித்து மாடிக்கு ஏறும்போது போன் அறுந்துபோகாமல் அடுத்த பெட்டிக்கு மாறும். நன்றாகவே இருக்கும்.

விளம்பரத்தில் அதிகம் சொல்லாத விஷயம், பெட்டிகளுக்கு இடையே செய்தி எப்படிப் போகிறது என்பது. வயர் இல்லாமல் வைத்தால் அதுவும் அலையில்தான் போகிறது. ஒன்றரை அடிச் சுவரும் கான்கிரீட் தளமும் மெஷ் பெட்டிக்கும் அதே தடைதான். இடையில் பேசிக்கொள்ளத் தனி அலைவரிசை வைத்திருக்கும் மூன்று அலைவரிசை மெஷ் கொஞ்சம் தாங்கும், விலையும் அதற்கேற்றாற்போல் ஏறும். இரண்டு அலைவரிசை மெஷ் பெட்டிகளையே வாங்கி, நடுவில் லேன் வயர் கொடுத்துவிட்டால் விலை உயர்ந்த மெஷ்ஷை அலையில் ஓட்டுவதைவிட நன்றாக ஓடும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மூன்று பெட்டித் தொகுப்பைக் கடையில் தள்ளிவிடப் பார்ப்பார்கள். 1,200 சதுர அடிக்குள் உள்ள ஒரு தளத்துக்கு இரண்டே போதும். மிக நெருக்கமாக வைத்தால் போனுக்கு எதைப் பிடிப்பது என்று குழப்பம் வரும். வாங்கும் முன் ஒவ்வொரு பெட்டியிலும் லேன் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். சில மலிவுத் தொகுப்புகளில் துணைப் பெட்டியில் இருக்காது.

சரி, வயர் என்று முடிவு செய்துவிட்டேன். எந்த வயர்?

கேட் 6 (Cat 6) வகை லேன் வயர் வாங்குங்கள். கேட் 5இ வயரே 100 மீட்டர்வரை 1 ஜிபிபிஎஸ் தாங்கும், ஏற்கனவே சுவருக்குள் அது இருந்தால் பிடுங்க வேண்டாம். புதிதாக இழுக்கும்போது விலை வித்தியாசம் கொஞ்சம்தான்.

கவனிக்க வேண்டியது செம்பு. அலுமினியத்தின்மேல் செம்பு முலாம் பூசிய வயர் சந்தையில் நிறைய இருக்கிறது, உறையில் சிசிஏ என்று சிறியதாகப் போட்டிருக்கும். விலை பாதி. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். கத்தியால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். மடித்தால் ஒடியும், நம் ஊர் உப்புக் காற்றில் முனை சீக்கிரம் கெடும். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் பக்கம் கடலோரத்தில் வீடு என்றால் இதில் சமாதானமே வேண்டாம், முழுச் செம்பு மட்டும்.

வயருக்குள் நாலு ஜோடி, எட்டு கம்பி. எட்டும் சரியாகப் பிடித்தால்தான் 1 ஜிபிபிஎஸ். ஒரு ஜோடி விட்டுப்போனால் பல சமயம் இணைப்பு அறுந்துபோகாமல் 100 எம்பிபிஎஸுக்கு இறங்கி ஓடும், யாருக்கும் தெரியாது. 200 எம்பிபிஎஸ் பிளானில் எப்போது அளந்தாலும் 94, 95 என்றே நின்றால் வயர் முனையில் ஜாக் மாட்டிய வேலையை, அதாவது கிரிம்பிங்கைச் சந்தேகப்படுங்கள்.

கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே லேன் வயரை இழுக்க வேண்டாம். பாதுகாப்புக்கும் கெடுதல், சிக்னலுக்கும் கெடுதல். பழைய கேபிள் டிவி வயர் போகும் தனிப் பைப் இருந்தால் அதன் முனையில் லேன் வயரைக் கட்டி, அந்தப் பக்கமிருந்து இழுத்தால் வந்துவிடும். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் அறைக்கு ஒரு பைப் காலியாக விடச் சொல்லுங்கள். மேஸ்திரிக்கு அது அரை நாள் வேலைகூட இல்லை.

பழைய ரவுட்டர் ஒன்று பரணில் கிடக்கிறது. மாடிக்குப் பயன்படுமா?

5 கிகாஹெர்ட்ஸ் உள்ளதென்றால் கண்டிப்பாக. அதன் செட்டிங்கில் ஆக்சஸ் பாயிண்ட் மோடு (வயரில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்புவது மட்டும்) என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, கீழிருந்து வரும் வயரைச் செருகினால் முடிந்தது. அந்த வசதி இல்லாத ரவுட்டரில், சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை அணைத்து, அதன் ஐபி எண்ணை முதல் பெட்டியின் எண்ணோடு மோதாதபடி மாற்றி, வயரை வெளி இணைப்புக்கான வான் (WAN) ஓட்டையில் செருகாமல் லேன் ஓட்டை ஒன்றில் செருகுங்கள். டிஎச்சிபியை அணைக்க மறந்தால் இரண்டு பெட்டியும் ஆளுக்கொரு முகவரி கொடுத்து வீடு முழுக்க நெட் தகராறு செய்யும்.

பெயரும் பாஸ்வேர்டும் கீழே உள்ளதையே வையுங்கள், சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும்.

ரவுட்டர் அட்டையில் ஏசி 1200, ஏஎக்ஸ் 3000 என்று இருக்கிறது. அந்த வேகம் வருமா?

வராது. அது கூட்டுத்தொகை. ஏசி 1200 என்பது 2.4இல் 300, 5இல் 867, இரண்டையும் கூட்டி மேலே தூக்கிப் போட்டது. ஒரு போன் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இருக்கும். அந்த 867இலும் கையில் கிடைப்பது பக்கத்தில் நின்றால் பாதிக்குக் கொஞ்சம் மேலே.

அதைவிட முக்கியமாக ஓட்டையைப் பாருங்கள். ஏசி 1200 என்று போட்ட பெட்டிகளில் சிலவற்றில் லேன், வான் ஓட்டைகள் 100 எம்பிபிஎஸ் மட்டுமே. டிபி-லிங்கின் ஆர்ச்சர் சி50 அப்படிப்பட்டது. அதே நிறுவனத்தின் ஆர்ச்சர் சி6 ஜிகாபிட் ஓட்டை உள்ளது. இரண்டும் அலைவேகத்தில் ஒரே வகுப்பு. 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு முதலாவது போதும், 150, 200 என்று போவதாக இருந்தால் அதில் வேகம் வாசலிலேயே நின்றுவிடும்.

வைஃபை 6, வைஃபை 7 தேவையா?

புதிதாக வாங்குபவர்கள் வைஃபை 6 வாங்குங்கள். 2019இல் வந்தது, இப்போது விலை இறங்கிவிட்டது, நிறைய சாதனங்கள் உள்ள வீட்டில் நெரிசலை நன்றாகச் சமாளிக்கும். வைஃபை 5 நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் மாற்ற அவசரமில்லை. வைஃபை 7க்கான சான்றிதழ் 2024 ஜனவரியில்தான் தொடங்கியது. அதன் முழுப் பலன் 6 கிகாஹெர்ட்ஸ் பகுதியில்தான் தெரியும், அதன் கீழ்ப்பகுதியை இங்கே திறந்துவிடுவதற்கான வரைவு விதிகள் 2025 மே மாதம் வந்தன. உங்கள் போன் அதைத் தாங்காவிட்டால் கூடுதல் பணம் வீண். 6 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டுவதில் 5ஐவிட மோசம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எட்டு ஆண்டெனா உள்ள ரவுட்டர் வாங்கினால் தூரம் அதிகம் எட்டுமா?

பெரிதாக இல்லை. ரவுட்டர் எவ்வளவு சக்தியோடு அனுப்பலாம் என்பதற்குச் சட்டப்படி வரம்பு உண்டு, குச்சி எத்தனை இருந்தாலும் அதே வரம்புதான். மேலும் போனும் திரும்பப் பேச வேண்டும். போனுக்குள் இருக்கும் சின்ன ஆண்டெனாவின் குரல் ரவுட்டருக்குக் கேட்காவிட்டால் ரவுட்டரின் குரல் எவ்வளவு கேட்டும் பயனில்லை.

கரண்ட் போனாலும் நெட் வேண்டும். புயல் காலத்தில் என்ன செய்வது?

2011 டிசம்பர் 30இல் தானே புயல், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல். இரண்டும் நம் கரையில்தான் ஏறின. கரண்ட் இல்லாத இரவில் வெளியூர்ப் பிள்ளைகளிடம் "நாங்கள் நன்றாக இருக்கிறோம்" என்று சொல்ல முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த இரவுகளைக் கண்டவர்களுக்குத் தெரியும்.

ஜிபான் ஃபைபரில் ஒரு நல்ல குணம் உண்டு. கேபிள்காரரின் அலுவலகத்துக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே கம்பத்தில் இருக்கும் பிரிப்பான்களுக்குக் கரண்டே வேண்டாம். அவர் பக்கம் பேட்டரி அல்லது ஜெனரேட்டர் ஓடி, உங்கள் பெட்டிக்கும் மின்சாரம் இருந்தால் தெரு இருட்டாக இருக்கும்போதும் நெட் ஓடும், கம்பி அறுந்து விழாதவரை.

இதற்கு ரவுட்டருக்கான சின்ன பேட்டரிப் பெட்டி, அதாவது மினி யூபிஎஸ் போதும். பெட்டியின் அடாப்டரில் 12 வோல்ட் என்று இருக்கிறதா, எத்தனை ஆம்பியர் என்று பார்த்து அதற்குச் சமமாகவோ, ஆம்பியரில் கொஞ்சம் அதிகமாகவோ வாங்குங்கள். வோல்ட் மாறக் கூடாது. எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை நீங்களே கணக்கிடலாம்: 2000 எம்ஏஎச், 3.7 வோல்ட் செல் மூன்று என்றால் சுமார் 22 வாட்-மணி. பெட்டி 10 வாட் இழுத்தால் இழப்பு போக இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஓஎன்யூவும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் வெளியே போகும் லேன் வயரைக் கழற்றி வையுங்கள். ஃபைபர் இழை மின்சாரத்தைக் கடத்தாது, செம்பு கடத்தும்.

வாடகை வீடு. சுவரில் ஓட்டை போட வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார்.

தட்டையான லேன் வயர் கிடைக்கும், கதவு இடுக்கில் நுழையும். சுவர் ஓரமாக ஒட்டும் கேசிங் பட்டியில் மூடிவிட்டால் தெரியாது, காலி செய்யும்போது பிரித்துக் கொண்டுபோகலாம். அதுவும் முடியாத வீட்டில்தான் மெஷ்ஷை அலையில் ஓட்டச் சொல்வேன், கதவு நேருக்கு நேர் தெரியும்படி பெட்டிகளை வைத்து.

மொட்டை மாடியிலும் பின்னால் தோட்டத்து அறையிலும் வேண்டும்.

மொட்டை மாடிக்கு, வீட்டுக்குள் வைக்கும் ரவுட்டரைப் பாலித்தீன் பையில் சுற்றி மாட்டாதீர்கள். வெயிலில் வெந்துவிடும். மழை, வெயில் தாங்கும் வெளிப்புற ஆக்சஸ் பாயிண்ட் வாங்குங்கள். லேன் வயரிலேயே மின்சாரமும் போகும் பிஓஇ வகை, மேலே பிளக் பாயிண்ட் தேவையில்லை. உப்புக் காற்றில் பிளக்கும் ஜாக்கும் பச்சை பூத்துப்போகும், ஆகவே இணைப்பு முனை மூடிக்குள் இருக்கும் மாதிரியைத் தேர்ந்தெடுங்கள்.

தோட்டத்து அறை தனிக் கட்டடம் என்றால், நடுவில் திறந்த வெளியில் செம்பு வயர் போவதைவிட ஒரு சின்ன ஃபைபர் துண்டும் இரண்டு முனையில், ஃபைபரை லேன் வயரோடு இணைக்கும் மீடியா கன்வர்ட்டரும் போடுவது மேல். இடி விழுந்தால் ஒரு கட்டடத்துச் சேதம் மற்றதுக்குப் போகாது. உங்கள் கேபிள்காரரிடமே மிச்ச ஃபைபரும் அதை இணைக்கும் இயந்திரமும் இருக்கும், கூலி பேசிக்கொள்ளலாம்.

கடையில் போய் என்ன கேட்க வேண்டும்?

"நல்ல ரவுட்டர் கொடுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். இப்படிக் கேளுங்கள்: இரண்டு அலைவரிசையும் உண்டா? எல்லா ஓட்டையும் ஜிகாபிட்டா? ஆக்சஸ் பாயிண்ட் மோடு இருக்கிறதா? மெஷ் என்றால் வயரில் இணைக்க முடியுமா? பழுதானால் வாரண்டிக்குச் சென்னைக்கு அனுப்ப வேண்டுமா, இங்கேயே மாற்றித் தருவீர்களா? வயர் என்றால் முழுச் செம்பா என்று கேட்டு, பில்லில் எழுதச் சொல்லுங்கள். முதலில் அளந்து மூன்று எண்களை எழுதிய அந்தத் தாளையும், அறைகளின் வரைபடம் ஒன்றைக் கையால் கிறுக்கியாவது கொண்டுபோங்கள். எந்தச் சுவர் கனம், ஃபைபர் எங்கே நுழைகிறது என்று அதில் குறித்திருந்தால், விஷயம் தெரிந்த கடைக்காரர் எத்தனை மீட்டர் வயர், எத்தனை பெட்டி என்று அங்கேயே சொல்லிவிடுவார்.